வீட்டுக்குள் வரக் கூடாத மெஷின்

நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

1. ஏழாம் மாதத்தில், தாய்ப்பால் எடுக்கும் பிரெஸ்ட் பம்ப் எப்போது வாங்குவது என்று ஆராயத் தொடங்கினேன்.
2. ஆராய்ச்சி முடிவதற்குள் எட்டாம் மாதம் வந்துவிட்டது.
3. பிள்ளை பிறப்பதற்கு முன் அதற்கென்று ஒரு சாமானும் வீட்டுக்குள் வரக் கூடாது என்றாள் அம்மா.
4. வீட்டுக்குள்தானே வரக் கூடாது என்று நான் சட்டம் பேசினேன்.
5. பம்ப் வயலில், அப்பாவின் மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்தது.
6. அங்கே எனக்கு முன்னால் அதை ஓர் எலி பயன்படுத்திப் பார்த்துவிட்டது.
7. எலி தின்றதற்கு மாற்று வாங்கினேன். அதைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாவது நீங்கலாக, இவற்றில் முதல் நான்கும் முழுக்க என் வேலை. ஐந்தாவதிலும் எனக்குப் பெரிய பங்கு உண்டு. ஆறாவதை எலியின் தலையில் போட்டுவிடலாமா என்று கொஞ்ச நாள் பார்த்தேன். முடியவில்லை.

நான் சிவில் படித்தவள். ஆறு, வாய்க்கால் மதகுகளைப் பழுது பார்க்கும் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலை. கான்கிரீட் கட்டைகளை நசுக்கிப் பார்ப்பது, ஷட்டர் கதவு எங்கே ஒழுகுகிறது என்று குனிந்து தேடுவது, தேடியதை எக்ஸெல்லில் போடுவது. தண்ணீர் வந்துவிட்டால் மதகில் கை வைக்க முடியாது. அதனால் அறுவடை முடிந்து வாய்க்கால் காய்ந்த நாளிலிருந்து அணை திறக்கும் நாள்வரை உள்ள கோடைதான் எங்களுக்கு ஆண்டு. மற்ற மாதங்களில் நாங்கள் பில் எழுதுவோம்.

எனக்குப் பிரசவம் மார்கழி தொடக்கத்தில் என்று சொல்லியிருந்தார்கள். கோடை வேலை தொடங்கும்போது குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியிருக்கும். சட்டத்தில் அதைவிட நீளமான விடுப்பு உண்டு. ஆனால் என்னுடையது ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். அது விடுப்பின் நடுவிலேயே முடிந்துவிடும். மேலாளர் கெட்டவர் இல்லை. மென்மையாகத்தான் சொன்னார்.

"லீவு இல்லன்னு நான் சொல்லலம்மா. லீவு குடுக்கறதுக்கு ஒப்பந்தம் இருக்கணுமில்ல. பங்குனி பொறந்ததும் வந்து கையெழுத்துப் போட்டு சைட்ல நின்னீங்கன்னா உங்க எடம் உங்களுக்கு. இல்லாட்டி வேற ஆளப் போட்டுருவாங்க. அப்பறம் நான் சொன்னாலும் எடுபடாது."

எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். தாத்தா பண்ணையாள். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்து, வலங்கைமான் பக்கத்தில் ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கர் சொச்சம், நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கியவர்கள். அந்த வேலையை விட எனக்கு மனம் இல்லை. மூன்று மாதக் குழந்தையைப் பவுடர் பாலுக்கு மாற்றவும் மனம் இல்லை. பகலில் குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வாள், பாலை நான் எடுத்து வைத்துவிட்டுப் போவேன். இதுதான் திட்டம். திட்டம் முழுவதும் ஒரு மெஷின் மேல் நின்றது.

ஆக வாங்குவது முடிவாகிவிட்டது. எப்போது என்பதுதான் பாக்கி. மற்ற பெண்கள் இதைக் கால் மணி நேரத்தில் முடிவு செய்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நான் பார் சார்ட் போட்டேன்.

சீக்கிரம் வாங்கினால், பயன்படுத்தப் பழகிக்கொள்ளலாம். ஆனால் வாரண்டி வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வாரண்டி வெளியே வீணாக ஓடுவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. தாமதமாக வாங்கினால் வாரண்டி மிச்சம். ஆனால் பச்சை உடம்போடு யார் கடைக்கு அலைவது? அப்புறம் மார்பில் வைக்கும் அந்தப் புனல். அது பல அளவுகளில் வருகிறது. பிரசவத்துக்குப் பிறகு உடம்பின் அளவே மாறிவிடும், அப்போது அளந்து வாங்குவதுதான் சரி என்று ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். தாய்ப்பால் நன்றாகப் படியும்வரை சில வாரங்கள் பம்பைத் தொட வேண்டாம் என்று இன்னொருவர். தேவைப்படும் நேரத்தில் தேடாதீர்கள், முன்பே வாங்கி வையுங்கள் என்று மூன்றாமவர். மூவர் சொன்னதையும் மூன்று நிறத்தில் போட்டு, ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருந்த கணவருக்கு அனுப்பினேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பச்சை நல்லாருக்கு" என்றார்.

"பச்சைன்னா எட்டாம் மாசம் வாங்கறது. அதையா சொல்றீங்க?"

"இல்ல, கலர் நல்லாருக்குன்னேன். எப்ப வாங்குறதுன்னு நீ சொன்னா சரி."

பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்துபோகிற மனிதரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எட்டாம் மாதம் என்று நானே முடிவு செய்தேன். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா முற்றத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, போனில் அதன் படத்தைக் காட்டினேன்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏண்டி, பொறக்காத புள்ளைக்குச் சாமானா?"

"இது புள்ளைக்கு இல்லம்மா. எனக்கு."

"உனக்கா? நீயா பால் குடிக்கப்போற?"

"எடுக்கறது நான். குடிக்கிறது அது."

"அப்ப அதுக்குத்தான. புள்ள பொறக்கட்டும். ஒரு துணி, ஒரு கிலுகிலுப்பை உள்ள வரக் கூடாது. பெரிய இவளாட்டம் மெஷின் வாங்குறாளாம்."

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் ஒரு சின்னச் சொற்பொழிவு செய்தேன். அம்மா அதை முழுக்கக் கேட்டாள். பிறகு கீரைக் காம்பால் ரேஷன் கடை இருக்கும் திசையைக் காட்டினாள். எங்கள் ஊரில் அரசாங்கத்தைக் குறிக்க அதுதான் திசை.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பெட்டி குடுக்கறான்ல, எண்ணெ, சோப்பு, கொசுவலையெல்லாம் போட்டு? எப்பக் குடுக்கறான்?"

"பிறந்த பிறகு."

"பாத்தியா? அம்மாம் பெரிய ஆபீசருங்களே பொறந்த பின்னாடிதான் குடுக்கணும்னு வெச்சிருக்காங்க. உனக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

தோற்றுப்போனவள் செய்யும் வேலையைச் செய்தேன். விதியைக் கூர்ந்து படித்தேன்.

"வீட்டுக்குள்ளதான வரக் கூடாது? வெளியில இருக்கலாமா?"

அம்மா யோசித்தாள். அவள் நியாயமானவள், முன்னுதாரணம் இருந்தால் ஏற்பாள். மரத்தொட்டில் சொல்லிவைப்பவர்கள் முன்பே சொல்லிவைப்பார்கள். தொட்டில் தயாராகி ஆசாரியின் பட்டறையிலேயே கிடக்கும். பிள்ளை பிறந்த பிறகுதான் வீட்டுக்கு வரும். அதில் குற்றமில்லை.

"வெளியில கெடந்தா கெடக்கட்டும்" என்றாள். "ஆனா வாசப்படி தாண்டக் கூடாது."

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, இரண்டு பெண்களுக்கு நடுவில் தனக்கும் ஒரு வேலை கிடைத்த மகிழ்ச்சியில், "மோட்டார் கொட்டகையில வெச்சுக்கலாம். நான் பாத்துக்கறேன்" என்றார்.

அப்படித்தான் நான் ஒரு மருத்துவ உபகரணத்தை வயல்வெளி முகவரிக்கு ஆர்டர் செய்தேன். டெலிவரிக்காரர் இரண்டு முறை போன் செய்தார். "மேடம், லொகேஷன் வயலுக்கு நடுவுல காட்டுது." சரியாகத்தான் காட்டுகிறது என்றேன். "அங்க யாரும் இல்ல மேடம், ஒரு மாடுதான் நிக்குது." மாட்டுக்குப் பின்னால் முண்டாசு கட்டிய ஒருவர் இருப்பார், அவரிடம் கொடுங்கள் என்றேன்.

மறுநாள் அப்பாவின் மொபெட்டில் மெதுவாகப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். எந்த இயந்திரத்தையும் ஓட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். ஆனால் பிரசவத்துக்கு முன் அதை வைக்க வேண்டிய இடத்தில் வைக்கக் கூடாது. முன்கையில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். நல்ல இழுவை. அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டி, கடைசிப் படிவரை சோதித்தேன். பரிசோதனை வெற்றி. கையில் ரத்தச் சிவப்பாக ஒரு வட்டம்.

"என்னடி இது?" என்றாள் அம்மா சாப்பாடு போடும்போது.

"கொசு."

"வட்டமா அச்சு வெச்சாப்புல எந்தக் கொசுடி கடிக்குது?"

அப்பா சோற்றில் மும்முரமாக இருந்தார்.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஐந்து மாவில் ஒரு பகுதி வழியாகப் புறவழிச்சாலை போகிறது. இன்னும் போகவில்லை, வரைபடத்தில் போகிறது. ஓர் ஆட்சியில் வந்து வயலில் கல் நட்டார்கள். அப்போது எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று எங்களுக்காக உருக்கமாகப் பேசினார்கள். அவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். அதே கல்லுக்குப் புது மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். கொட்டகை, போர்வெல், நான்கு தென்னை எல்லாம் கல்லுக்கு அந்தப் பக்கம், சாலைக்குள். அப்பா விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்து, பச்சைத் துண்டு வாங்கி, மனு கொடுப்பதையும் தர்ணாவில் உட்காருவதையும் ஒரு பருவ வேலையாகவே செய்துகொண்டிருந்தார்.

பம்ப் போய்ச் சேர்ந்த சில நாட்களில், நிலம் எடுப்பு அலுவலகத்திலிருந்து ஆட்கள் கணக்கெடுக்க வந்தார்கள். சாலை போகும் அந்தப் பட்டையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். அப்பா வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஒருவர் உரக்கச் சொல்ல, ஒருவர் எழுதியிருக்கிறார். கொட்டகை, கீற்று அல்ல, ஆஸ்பெஸ்டாஸ். மோட்டார், ஒன்று. பிறகு சொன்னவர் மூலையிலிருந்த பெட்டியைக் காட்டினார்.

"அது என்ன பெரியவரே?"

"அது எம்பொண்ணோடது சார்."

"பதிச்ச சாமானா, கழட்டி எடுத்துட்டுப் போற சாமானா? பதிச்சிருந்தா எழுதணும்."

"எடுத்துட்டுப் போறதுதான் சார்" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் அவர் குனிந்து பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்துவிட்டார். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதை வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள். அவர் நிமிர்ந்து, தென்னை எத்தனை என்று மறுபடி கேட்டாராம். அப்பா அன்றே பெட்டியை ஒரு சாக்குப் பைக்குள் போட்டுக் கட்டி, உளுந்து விதை மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டார். யார் கண்ணிலும் படக் கூடாது என்பது அவர் எண்ணம். என் கண்ணிலும் படவில்லை.

மார்கழியில் மகள் பிறந்தாள். அரசு கொடுத்த பெட்டகம் கைக்கு வந்தபோது அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். முதல் சில நாட்கள் மகளும் நானும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் அழுதோம். பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் கொஞ்சம் புரிந்தது. பால் நன்றாகவே இருந்தது. சில வாரங்கள் பம்பைத் தொட வேண்டாம் என்ற விதியை மிகச் சரியாகக் கடைப்பிடித்தேன், ஏனென்றால் பம்ப் நினைவே வரவில்லை. வெளியே சம்பா அறுவடை நடந்தது. கொட்டகையில் சாக்கும் தார்ப்பாயும் ஏறின. உளுந்து விதைக்கப்பட்டது. மூட்டை காலியாக ஆக, அதைத் தின்றுகொண்டிருந்தவர்கள் அடுத்து என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

எப்போது வாங்குவது என்று மூன்று நிறத்தில் கட்டம் போட்டவள், எப்போது திறந்து பார்ப்பது என்று ஒரு கட்டம்கூடப் போடவில்லை. வேலைக்குப் போக இரண்டு வாரம் இருக்கும்போது, "அப்பா, அந்தப் பெட்டி" என்றேன். அவர் எடுத்துவந்து, பழக்க தோஷத்தில் வாசலிலேயே நின்றார். "உள்ள கொண்டாங்க, புள்ளதான் பொறந்தாச்சே" என்றாள் அம்மா. சாக்கைப் பிரித்தோம். வெள்ளைக்காரப் பெண்ணுக்கு முகம் இல்லை. ட்யூப் பல துண்டுகளாகக் கிடந்தது. பெட்டிக்குள் எலிப் புழுக்கை.

வாரண்டிக்குப் போன் செய்தேன். வாரண்டி நிறைய மிச்சம் இருந்தது, அதற்காகத்தானே அத்தனை கணக்கு.

"என்ன பிராப்ளம் மேடம்?" என்றது ஒரு பெண் குரல்.

"எலி கடிச்சிருச்சுங்க."

"காரணம் ஒண்ணு குறிக்கணும் மேடம். எலின்னு தனியா இல்ல. செல்லப் பிராணின்னு போட்டுக்கவா?"

"போட்டா வாரண்டி வருமா?"

"வராது மேடம். ஆனா போடணும்."

நான் ஒழுகும் மதகுகளைச் சரிசெய்பவள். இதற்கெல்லாம் அசருவதா? சைட் பையில் மட்டம் பார்க்கும் ட்யூப் புதிதாக ஒரு சுருள் இருந்தது. ஒரு துண்டு வெட்டி, வெந்நீரில் நனைத்து இறுக்கி மாட்டினேன். மோட்டார் கம்பீரமாக ஓடியது. இழுவை துளியும் இல்லை. இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்தேன். எங்குமே வரவில்லை. மகளைத் தோளில் போட்டபடி வந்த அம்மா, என் கையிலிருந்த புனலுக்குள் எட்டிப் பார்த்து, "அந்த வெள்ளையா இருக்கே ரப்பர், அதுக்கு ஒரு பக்கம் உதடே இல்லியே" என்றாள். வால்வு. அதையும் எலி பாதி தின்றிருந்தது. ட்யூப் ஒன்றுதான் பிரச்சினை என்று முடிவு செய்துவிட்டதால் நான் அதைத் திரும்பியே பார்க்கவில்லை.

கும்பகோணத்தில் அந்த மாடலுக்கு உதிரிப் பாகம் இல்லை. கையால் அழுத்தும் சாதாரண பம்ப் ஒன்று இருக்கிறது, வேண்டுமா என்றார் மருந்துக் கடைக்காரர். அதை வாங்கினால் என் ஆராய்ச்சி முழுவதையும் நானே பொய்யாக்கியதாகிவிடும் என்று வேண்டாம் என்றுவிட்டேன். இப்படியும் ஒரு தாய். உதிரிப் பாகங்களை ஆர்டர் செய்தேன். இந்த முறை வீட்டு முகவரிக்கு. வர வேண்டிய நாள், நான் வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளி. எங்கள் தொழிலில் இடைவெளி விட்டுத் திட்டமிடுவது என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அப்பா பச்சைத் துண்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கல்லை எடுக்கச் சொல்லி மெயின் ரோட்டில் மறியல். பதினொரு மணிக்கு டெலிவரிக்காரர் கூப்பிட்டார்.

"மேடம், உங்க ஊருக்கு வர முடியல. பாலத்துக்கிட்ட ரோட்டுல உக்காந்திருக்காங்க. நான் இப்படியே திரும்பிருறேன். இனி செவ்வாக்கிழமதான் இந்த லைன்."

"இருங்க, இருங்க. முன்னால முண்டாசு கட்டி, கண்ணாடிய கயிறு போட்டுக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஒருத்தர் இருக்காரா?"

"இருக்காரு மேடம். அவருதான் வண்டிய விட மாட்டேங்கிறாரு."

"அவர் எங்கப்பா."

அதற்குள் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, டெலிவரிக்காரரிடமே, "தம்பி, போன அவருகிட்ட குடு" என்றாள். அவர் இறங்கிப் போய்க் கொடுத்தார்.

"ஏங்க, ஆம்புலன்ஸ விடுவீங்க, பால் வண்டிய விடுவீங்க இல்ல?"

"விடுவோம். அதுக்கென்ன?"

"இந்த வண்டியில நம்ம புள்ளையோட பால் சாமான்தான் இருக்கு. விடுங்க."

"ஏ புள்ள, அதெப்புடி? இத விட்டா பின்னால நிக்கிற பஸ்காரன் என்னான்னு கேப்பானே."

"அப்ப பொட்டலத்தை மட்டும் வாங்கி வெச்சுக்குங்க. அது நடந்து வந்தா மறியல் கலைஞ்சிருமா?"

"சரி, குடுக்கச் சொல்லு" என்றார் அப்பா. அடுத்தது ஓடிபி. அம்மா கையிலிருந்த என் போனுக்கு வந்த எண்ணை நான் எட்டிப் பார்த்துச் சொல்ல, அம்மா போனில் கத்த, அப்பா அங்கே உரக்கச் சொல்ல, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கோஷம் என்று நினைத்துத் திரும்பச் சொன்னார்களாம். பொட்டலம் அப்பாவின் கைக்கு வந்துவிட்டது. நான் மூச்சு விட்டேன்.

கொஞ்ச நேரம்தான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "எல்லாரையும் அரெஸ்ட் பண்ணி ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. கல்யாண மண்டபத்துல வெச்சிருக்காங்க" என்றார். எங்கள் பக்கத்தில் மறியலுக்கு வழக்கமான முடிவு அது. மண்டபத்தில் உட்காரவைப்பார்கள், மதியம் பொட்டலச் சோறு கொடுப்பார்கள், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். சில நேரம் விட மாட்டார்கள், ரிமாண்ட் என்பார்கள். அப்பாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரத்தில் நான் வால்வைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மாலை ஐந்தாகியும் அப்பா வரவில்லை. மகள் பால் குடித்துவிட்டு மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். "விடும்மா" என்றேன். "வரலன்னா மேலாளருக்குப் போன் பண்ணி வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அம்மா இரவுச் சமையலுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன்ன வரப்புல துணி விரிச்சுப் போட்டுட்டு நடவுக்கு எறங்குவேன்" என்றாள். "நீ கத்துவ. பண்ணை காரியக்காரரு கரையில கொட பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. நட்டு முடிக்காம ஏற விட மாட்டாரு. மேல போட்ட சட்டையெல்லாம் நனைஞ்சு, பால் கல்லாட்டம் கட்டிக்கிட்டு வலிக்கும். தாங்க முடியாம, குனிஞ்சபடியே சேத்துலயே பீச்சி விட்டுருவேன். அப்பறம் கரை ஏறி உன்ன எடுத்தா உனக்கு இருக்காது. நீ அதுக்கும் கத்துவ."

என்னைப் போன்றவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் விவரம் கேட்போம்.

"எந்த வயல்?"

"நம்ம கொட்டகைக்குக் கீழண்ட இருக்குல்ல, இப்ப கல்லு நட்டிருக்கானே, அது. அப்ப பண்ணைக்காரங்களோடது." அவள் ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் எறிந்தாள். "நீ மேலாளருக்கெல்லாம் போன் பண்ண வேணாம். திங்கக்கெழம போ."

"வால்வு இல்லாம?"

"கும்மோணத்துல கையால அமுக்குறது இருக்குன்னு சொன்னியே. விடியக் காலையில நான் பஸ் ஏறிப் போய் வாங்கியாறேன். அது மட்டும் மெஷின் இல்லியா?"

இருட்டியதும் அப்பா வந்தார். ஒரு கையில் பொட்டலம், இன்னொரு கையில் சாப்பிடாமல் கொண்டுவந்த தக்காளிச் சாதம். ரிமாண்ட் இல்லை. மண்டபத்தில் ஒரு போலீஸ்காரர் பொட்டலத்தைப் பார்த்து என்ன இது என்று கேட்டிருக்கிறார். அப்பா முன்பு ஒரு முறை பட்டவர் இல்லையா, "எடுத்துட்டுப் போற சாமான்தான் சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நான் உள்ளே போகத் திரும்பினேன். "மொதல்ல கொதிக்க வெய்யி" என்றாள் அம்மா. "ஊரு போலீசு எல்லாம் தொட்டிருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை பழகினேன். முதல் முறை வந்தது பாட்டிலின் அடியை மறைக்கக்கூடப் போதவில்லை. அடுத்த முறை அதைவிடப் பரவாயில்லை. புனல் ஓர் அளவு பெரியது. பிரசவத்துக்குப் பிறகு அளந்து வாங்கு என்ற அந்த மருத்துவர் சொன்னது சரி. முன்பே வாங்கி வையுங்கள் என்றவர் சொன்னதும் சரிதான், ஆனால் எங்கே வைப்பது என்று அவர் எழுதவில்லை. திங்கட்கிழமை சைட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது மகளுக்கு ஆறு மாதம் முடிகிறது. தினமும் இரண்டு முறை, மதகுக்குப் பக்கத்தில், அதைத் திறந்து மூடும் லஸ்கர் தங்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுக்கிறேன். ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். மறுநாள் பகலில் அம்மா அதைக் கொடுக்கிறாள். சில நாள் போதும், சில நாள் போதாது. போதாத நாட்களில் நான் வரும்வரை மகள் கத்துகிறாள். அடுத்த வாரத்திலிருந்து கேழ்வரகுக் கூழ் தொடங்கலாம் என்றிருக்கிறோம். அணை திறந்துவிட்டார்கள், என் மதகுகளில் ஒன்று மட்டும் ஒழுகுகிறது. ஒப்பந்தம் அடுத்த பங்குனிவரை உண்டு. கல் வயலிலேயே இருக்கிறது, அதைச் சுற்றி அப்பா நாற்று விட்டிருக்கிறார். இரவில் பம்ப் அடுப்படி அலமாரியில், மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் இருக்கிறது.